பக்கவாட்டில் தொங்கிய பூட்டு

'வெளிப்படையான நிர்வாக வாரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய துணி ஒன்று, நகராட்சி அலுவலகத்தின் வராந்தாச் சுவரை ஒன்பது நாள் முழுசாக மூடியிருந்தது. அந்தத் துணிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதுதான் வழக்கு.

மணி பதினொன்றரை. மாலை நான்கு மணிக்கு நகர்மன்றக் கூட்டம். கையில் இருப்பது நாலரை மணி நேரம், அதில் மதிய இடைவேளை என்று அலுவலகம் விழுங்கப் போவது ஒன்றரை மணி, ஆகவே மிச்சம் மூன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டாள் டைப்பிஸ்ட். எழுதியதை இன்னொரு முறை சரிபார்த்தாள். இருபது வருஷம் நீதிமன்றத்தில் அடுத்தவர் பொய்களை எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்த கை அது. வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் அவளுக்குத் தன் கண்ணின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. எதையும் இரண்டு தடவை பார்ப்பாள், மூன்றாம் தடவை தம்பியைப் பார்க்கச் சொல்வாள்.

தம்பி முன்னாள் பஸ் கண்டக்டர். பஸ் போய்விட்டது, வாய் மட்டும் மிச்சம். அக்காவுக்கு உதவியாளன் அவன்தான்.

மூன்று பேரும் செயலர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் வழக்கைக் கொண்டுவந்த காப்பகத்தம்மா. நகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடத்தில், வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள்.

"முப்பத்தோரு பிள்ளைங்க சார்," என்றாள். "இன்னிக்குக் கூட்டத்துல பொருள் எண் ஏழு பாஸ் ஆயிட்டா, நாளைக்கு முப்பத்தோரு அம்மாங்க வேலைய விட்டுட்டு வீட்ல உக்காரணும்."

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தாத மனிதர். உயர்த்தவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

"அம்மா, மன்ற உறுப்பினர்கள் வண்டிய வெயில்ல நிறுத்திட்டு வர்றாங்க. வண்டி கொதிக்குதேன்னு கவலைப்பட்டுக்கிட்டே மக்கள் பிரச்சினைய எப்படிக் குளிர்ந்த மனசோட பேசுவாங்க? அதுக்குத்தான் அந்தக் கட்டடத்த வாகனம் நிறுத்துற இடமா மாத்துறோம். மக்கள் நலன் கருதி."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலயே சார்."

"சொன்னோமே. அறிவிப்புப் பலகையில ஏழு நாளுக்குப் பதிலா ஒன்பது நாள் நோட்டீஸ் இருந்துச்சு. ஒரு ஆட்சேபனையும் வரல." கோப்பிலிருந்து ஒரு வண்ணப் படத்தை எடுத்து நீட்டினார். "ஆதாரம்."

படத்தில் அறிவிப்புப் பலகை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான்கு ஊசி குத்திய நோட்டீஸ். ஓரத்தில் பேனாவில் எழுதிய தேதி. எல்லாம் சரி.

"துணி மூடியிருந்துச்சே சார், சுவரே தெரியலயே!" என்றாள் காப்பகத்தம்மா.

"துணியத் தூக்கிப் பாக்க வேணாம்னு நாங்க சொன்னோமா?"

"வெளிப்படைன்னா தூக்கிப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியாம போச்சு சார்," என்றான் கண்டக்டர்.

செயலர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கதவைக் காட்டினார்.

வராந்தாச் சுவரில் இப்போது துணி இல்லை, கழற்றிச் சுருட்டிப் பலகைக்குக் கீழே மூட்டையாகப் போட்டிருந்தார்கள். சுவரில் பலகை தொங்கியது. ஆறடி அகலம், மூன்றடி உயரம், அந்த அலுவலகத்திலேயே தூசி இல்லாத ஒரே பொருள். டைப்பிஸ்ட் படத்தைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தலைப்பு எழுத்து, அதே. சட்டத்தின் மூலையில் விழுந்த கீறல், அதே. தாழ்ப்பாள், பூட்டு...

காப்பகத்தம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிடைக்காமல் போனால்? 'சாரிம்மா' என்று சொல்லவா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தோம்?

"டேய், இந்தப் பூட்டப் பாரு."

"பூட்டியிருக்கு. இந்த ஆபீஸ்ல வேல செய்யறது அது ஒண்ணுதான்."

"எந்தப் பக்கம் தொங்குது?"

"கீழ. பூட்டுன்னா கீழதான தொங்கும்?"

"இப்ப படத்தப் பாரு."

கண்டக்டர் படத்தை வாங்கிப் பார்த்தான். பேசுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. படத்தில் தலைப்பு நேராக இருந்தது, நோட்டீஸ் நேராக இருந்தது, பூட்டு மட்டும் வலது பக்கமாக, யாரோ பிடித்து இழுப்பதுபோல் நீட்டிக்கொண்டு நின்றது.

"காத்து அடிச்சிருக்குமோ?"

"இரும்புப் பூட்ட இப்படி நீட்டி நிறுத்துற காத்து அடிச்சா, இந்த வராந்தா இருக்குமாடா?"

"அப்ப பூமி இழுக்குற வேலைக்கு அன்னிக்கு லீவு விட்டுட்டாங்க. அரசு அலுவலகம்தானே."

டைப்பிஸ்ட் சிரிக்கவில்லை. துரு பிடித்துப் பூட்டு பக்கவாட்டில் சிக்கியிருந்தால்? விரலால் தட்டினாள். சுலபமாக ஆடிவிட்டுக் கீழே வந்து நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் கீழேதான்.

"பூட்டு சரியாத்தான் தொங்கியிருக்கு," என்றாள் மெதுவாக. "பலகைதான் அன்னிக்குத் தப்பா இருந்திருக்கு. படுத்துக் கிடக்க வேண்டிய பலகையச் செங்குத்தா நிறுத்தி வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. அப்புறம் படத்தத் திருப்பிட்டாங்க. இந்த வராந்தாவுல ஆறடிய நட்டமா நிறுத்த இடம் இருக்கா?"

கண்டக்டர் அண்ணாந்து பார்த்தான். தரைக்கும் தாழ்வான மேல்தளத்துக்கும் நடுவே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "நிறுத்தலாம். விசிறி சம்மதிச்சா."

டைப்பிஸ்ட் பலகையின் சட்டத்தை முகர்ந்தாள். புது வார்னிஷ்.

"துணிக்குப் பின்னால இல்லாம போனது நோட்டீஸ் மட்டுமில்ல," என்றாள். "பலகையே இல்ல."

அலுவலக உதவியாளர் கோப்பு அறையில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன விதிப் புத்தகம், இடுப்பில் சாவிக் கொத்து. இவரிடம் கேள்வி கேட்டால் 'செயலரைக் கேளுங்க' என்பார் என்று டைப்பிஸ்ட் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி முந்திக்கொண்டான்.

"அண்ணே, இந்த நோட்டீஸ் போட்டோவ எடுத்தது யாரோ கத்துக்குட்டியாம்ல? கோணலா எடுத்துட்டான்னு உள்ள பேசிக்கிட்டாங்க."

"யாரு சொன்னா?" அவருக்கு மூக்கு சிவந்தது. "எடுத்தது நான். நேராத்தான் எடுத்தேன். பலகைய அந்தத் தச்சர் நட்டமா நிறுத்தி வெச்சிருந்தாரு. நான் என்ன தலைகீழா தொங்கியா எடுக்க முடியும்? இங்க கொண்டாந்ததும் சார்தான் படத்தத் திருப்பினாரு."

"தச்சரா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"ஆமா. பலகைய ரிப்பேருக்குப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். மறுநாள் நோட்டீஸ் வருது. விதி பதினாலு என்ன சொல்லுது?" புத்தகத்தைப் பிரிக்காமலே ஒப்பித்தார். "'அறிவிப்பு, அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு நாள்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.' பலகை பட்டறையில. நோட்டீஸ் என் கையில. என்ன பண்ணுவேன்? சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ப் பட்டறையில குத்திட்டு வந்தேன். தெனம் போய்ச் சரிபார்த்தேன். ஒன்பது நாள். ஒரு நாள் மழை வேற."

"பட்டறையில எதுக்குண்ணே நோட்டீஸ்? பலகை திரும்பி வந்ததும் ஒட்டியிருக்கலாம்ல?"

"அது விதியில இல்லையே."

அந்த முகத்தில் கள்ளத்தனம் துளிகூட இல்லை. டைப்பிஸ்ட்டுக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது. விதிப் புத்தகத்தை வாங்கி அடுத்த வரியைப் படித்தாள். ஒரே ஒரு ஆட்சேபனை வந்தாலும் அந்தப் பொருளை அன்றைக்கே முடிவு செய்யக்கூடாது, முப்பது நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அதையும் அதற்கடுத்த விதி பதினைந்தையும் தேதியோடு நோட்டில் இறக்கிக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து செயலர் வந்தபோது மணி இரண்டு நாற்பது. டைப்பிஸ்ட் பூட்டையும் வார்னிஷையும் பட்டறையையும் வரிசையாக எடுத்து வைத்தாள். காப்பகத்தம்மாவின் முகம் பகல் முழுவதும் இல்லாத வெளிச்சத்தோடு இருந்தது.

செயலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்பக் கரெக்ட்," என்றார். "பலகை பட்டறையில இருந்துச்சு. நோட்டீஸ் பலகையில இருந்துச்சு. விதியில 'பலகையில்'னுதான் இருக்கு. 'சுவரில்'னு எங்கயாவது இருக்கா? 'வராந்தாவில்'னு இருக்கா?"

டைப்பிஸ்ட் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், இல்லை.

"சட்டப்படி, பலகை எங்க இருக்கோ அங்கதான் அலுவலகம். பட்டறைக்குப் போய்ப் படிக்க வேண்டியது உங்க பொறுப்பு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாலு மணிக்கு வந்து உக்காந்து பாருங்க. பொருள் எண் ஏழு ரெண்டு நிமிஷ வேலை."

டைப்பிஸ்ட்டின் கை, பழைய பழக்கத்தில், அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சுருக்கெழுத்தில் எழுதி, பக்கத்தில் மணியையும் போட்டிருந்தது. எழுதி என்ன பிரயோசனம்? கண்டுபிடித்த உண்மை முழுவதும் எதிராளிக்கே சாதகமாகப் போய் நின்றது. பூட்டைப் பார்க்காமல் இருந்திருந்தாலாவது, துணி மறைத்தது என்று சண்டை போட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் காப்பகத்தம்மா கேட்டாள். "அவ்வளவுதானாம்மா?"

"தெரியலம்மா," என்றாள் டைப்பிஸ்ட். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"அக்கா, உன் துப்பறியும் கடைய மூடிட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல," என்றான் கண்டக்டர். "யோசி. ஒன்பது நாள் ஒரு நோட்டீஸ் ஒரு இடத்துல தொங்கியிருக்கு. மனுஷன் நடமாடுற இடம். பஸ்ல 'படியில் நிற்காதீர்'னு எழுதியிருப்பான். படியில நிக்கறவன் அதத்தான் படிச்சுக்கிட்டு நிப்பான். வேற வழியில்லாம."

டைப்பிஸ்ட் நடையை நிறுத்தினாள். "படிச்சவன் ஒருத்தன் இருப்பான்கிற?"

"ஒன்பது நாள் எதிர்ல நின்னா நான் விதி பதினாலையே படிச்சிருப்பேன்."

தச்சுப் பட்டறை ஊரின் மறுகோடியில், தகரக் கூரைக்கு அடியில் இருந்தது. போய்ச் சேரும்போது மூன்று பத்து. ஜன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்த தச்சர், நிமிராமலே கேட்டார். "நீங்களும் நோட்டீஸ் ஒட்ட வந்தீங்களா?"

"இல்ல. ஒட்டினதப் பத்திக் கேக்க வந்தோம்," என்றாள் டைப்பிஸ்ட். "அந்தப் பலகையில என்ன ரிப்பேர்?"

"ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. வார்னிஷ் அடிச்சுக் காய வைன்னாங்க. வார்னிஷ் ஒரு நாள்ல காஞ்சிடும்னேன். ஒன்பது நாள் காயட்டும்னு சொன்னாரு உங்க செயலரு. அவ்வளவு ஈரமான வார்னிஷ நான் பாத்ததே இல்ல."

"எங்க நிறுத்தியிருந்தீங்க?"

இழைப்புளி மேசைக்கு நேர் எதிரே இருந்த சுவரைக் காட்டினார். "அங்கதான், நட்டமா. இடம் இல்ல. ஒன்பது நாளும் என் மூஞ்சிக்கு நேரா. இழைக்கும்போது வேற எங்க பாக்கறது? கழுத்தச் சாய்ச்சு சாய்ச்சுப் படிச்சு எனக்குச் சுளுக்கே வந்துடுச்சு. இப்பகூட எம்பொண்டாட்டி நேரா நின்னு பேசினா சாய்ஞ்ச மாதிரி தெரியுது."

"அப்ப முழுசாப் படிச்சீங்க?"

"மனப்பாடம்." தச்சர் முதல்முறையாக இழைப்புளியைக் கீழே வைத்தார். "படிச்சதுல எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அந்தக் கட்டடத்துக்குள்ள வண்டிய நிறுத்தப் போறாங்களாம். அந்தக் கதவு நான் போட்டது. மூணடி ஒரு அங்குலம். அதுக்குள்ள எந்த வண்டி நுழையும்? சுவத்த இடிச்சா கூரை தலையில வந்து விழும், அது சுவத்து மேலதான் நிக்குது. அளந்து பாக்காம எவனோ எழுதியிருக்கான். தொழில் தெரிஞ்சவன் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

டைப்பிஸ்ட்டின் பென்சில் நின்றுவிட்டது. "சும்மா... இல்லையா?"

"எழுதிப் போட்டேனே."

"எங்க போட்டீங்க?"

"நோட்டீஸ்லயே இருந்துச்சே! 'ஆட்சேபனைகளைப் பலகையின் கீழுள்ள பெட்டியில் சேர்க்கவும்'னு. பலகையோட ஒட்டினாப்ல ஒரு பெட்டி இருக்குல்ல? அதுவும் பலகையோடதான் வந்துச்சு. நட்டமா நின்னதால பெட்டி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கத்தி சொருகற மாதிரி சொருகினேன். தேதியெல்லாம் போட்டுத்தான்."

காப்பகத்தம்மா அங்கே கிடந்த மரக்கட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே," என்றான் கண்டக்டர், "கெளம்புங்க. டிக்கெட் எடுக்க வேணாம்."

கூட்ட அரங்கில் பொதுமக்களுக்கென்று ஆறு நாற்காலிகள். இரண்டுக்குக் கால் இல்லை. மீதி நாலில் இவர்கள் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மன்றத் தலைவர் விசிறிக்கு நேர் கீழே இருந்தார். பொருள் எண் ஐந்து, குப்பை அள்ளப்படாததை ஆராய ஒரு குழு. நிறைவேறியது. பொருள் எண் ஆறு, அந்தக் குழு இதுவரை கூடாததை ஆராய இன்னொரு குழு. கைதட்டலோடு நிறைவேறியது.

"பொருள் எண் ஏழு," என்றார் செயலர். "ஆட்சேபனை ஏதும் வரவில்லை."

டைப்பிஸ்ட் எழுந்தாள். பெட்டியை யாராவது காலி செய்திருந்தால்? தச்சர் நினைப்பில் தேதி தவறியிருந்தால்? இனி சரிபார்க்க நேரம் இல்லை.

"பெட்டியத் திறந்து பாத்தீங்களா சார்?"

"பொதுமக்கள் குறுக்கிடக் கூடாது."

அவள் தலைவரைப் பார்க்கவில்லை, செயலரையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அலுவலக உதவியாளரைப் பார்த்தாள். "அண்ணே, விதி பதினஞ்சு என்ன சொல்லுது?"

அவர் நிமிர்ந்து நின்றார். "'ஆட்சேபனைப் பெட்டி, பொருளை எடுப்பதற்கு முன் மன்றத்தில் திறக்கப்பட வேண்டும்.' சாவி என்கிட்டதான் இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு. யாரும் கேட்டதில்ல."

செயலரின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "அந்தப் பெட்டி ஒன்பது நாள் பட்டறையில கிடந்துச்சு. பட்டறையில எவனோ போட்டதெல்லாம் அலுவலகத்துக்கு வந்ததா ஆகாது!"

டைப்பிஸ்ட் நோட்டைத் திறந்தாள். "'சட்டப்படி, பலகை எங்க இருக்கோ அங்கதான் அலுவலகம்.' நீங்க சொன்னது சார். இன்னிக்கு, ரெண்டே முக்காலுக்கு."

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குள் உதவியாளர் வராந்தாவுக்குப் போய்விட்டார். கழற்றிய வெளிப்படைத் துணியைச் சுருட்டிப் பெட்டியின் மேல்தான் போட்டிருந்தார்கள். காலையில் டைப்பிஸ்ட் பார்த்தது வெறும் துணி மூட்டையை. அவர் அதை ஒதுக்கி, திருகாணிகளைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தலைவரின் மேசையில் வைத்துச் சாவியைப் போட்டார்.

மூடி திறந்ததும் காகிதங்கள் மேசையில் சரிந்தன. மேலே ஒரு புதுத் தாள். அதற்குக் கீழே மங்கியது, பழுத்தது, பூச்சி அரித்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர். விளக்குக் கம்பமே விழுந்துவிட்டது என்று மூன்று வருஷம் கழித்து அதே ஒருவர்.

விதிப்படி செயலர்தான் படிக்க வேண்டும். புதுத் தாளை எடுத்துப் படித்தார்.

"'ஐயா, கதவு மூணடி ஒரு அங்குலம். தலைவர் வண்டி அகலம் அஞ்சடி எட்டு அங்குலம். வண்டிய நான் நேரில் அளந்தேன், வாகனம் நிறுத்தக் கூடாது என்று எழுதிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வண்டியை இழைத்துக் கொடுக்க எங்கள் பட்டறையில் வசதி இல்லை.'"

உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தேதி சரியாக இருந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்து, பொருள் எண் ஏழு ஒத்திவைக்கப்படுகிறது, முப்பது நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தன் வண்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

டைப்பிஸ்ட் உட்கார்ந்து நோட்டை மூடினாள். "சரியாத்தான் பண்ணினோமாடா?" என்று தம்பியின் காதில் கேட்டாள்.

"இதயும் ரெண்டு தடவ சரிபார்க்கப் போறியா? விடுக்கா."

செயலர் பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளி, உதவியாளரிடம் தணிந்த குரலில் சொன்னார். "இது ரொம்பப் பழசாயிடுச்சு. நாளைக்கே ரிப்பேருக்கு அனுப்பிடுங்க."

ஐந்து மணிக்குத் தாய்மார்கள் வந்துவிடுவார்கள். காப்பகத்தம்மா எழுந்து கிளம்பிவிட்டாள். மேசையைத் தாண்டும்போது அது அவள் காதில் விழுந்தது. நின்றாள்.

"தாராளமா அனுப்புங்க சார்," என்றாள். "எந்தப் பட்டறைன்னு மட்டும் சொல்லிடுங்க. முப்பத்தோரு அம்மாங்களும் அங்கயே வந்து எழுதிப் போட்டுடறோம்."